மூன்றாவது வாரத்தில் முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். அண்டார்டிகாவில் கடலோரமாக இருக்கும் ஒரு ஆய்வு நிலையத்துக்கு, இந்தக் கோடைப் பருவத்துக்கு மட்டும், சமையலறை உதவியாளராக வந்திருக்கிறேன். வந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இரவு ஷிப்ட். மாலை ஏழுக்கு ஆரம்பித்து காலை ஐந்தரைக்கு முடியும். வெளியே வந்தால் கண் கூசுகிற வெயில். படுத்தால் தூக்கம் வருவதற்குள் ரூம்மேட்டின் அலாரம் அடிக்கும், அவர் எழுந்து திரையை விலக்குவார். மூன்று, நான்கு மணி நேரம் தூங்கினால் அதிகம். பாத்திரம் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. இங்கே பலரும் பல வருஷமாக வந்து போகிறவர்கள், ஒருவரை ஒருவர் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறேன். விஞ்ஞானிகள் பேசுவது எனக்குப் புரிவதில்லை, நான் பாத்திரம் கழுவ வந்தவன். தினமும் வீட்டுக்குப் பேசுகிறேன், பேசி முடித்ததும் இன்னும் மோசமாக இருக்கிறது. இந்த இடத்துக்கு நான் லாயக்கில்லையோ? திரும்பிப் போய்விடலாமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதைப் படிக்கும்போதும் உங்கள் மனசு அதில்தான் இருக்கும். இப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். நீங்கள் லாயக்கில்லாதவர் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. தெரிவதெல்லாம் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத ஒரு மனிதர். இத்தனை நாள் மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஓட்டுகிற யாரையும், சொந்த வீட்டிலேயே இருந்தாலும், கேட்டுப் பாருங்கள், ‘இந்த வேலை எனக்குச் சரிப்படாது, என்னை யாருக்கும் பிடிக்கவில்லை’ என்றுதான் சொல்வார்கள். தூக்கம் கெட்டவனுக்கு அடுத்தவர் முகம் எப்போதும் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் தெரியும்.

துருவ நிலையங்களில் மருத்துவராக இருந்ததிலும், அங்கே போகிறவர்களைப் பரிசோதித்து அனுப்பியதிலும் என் வேலைக்காலத்தின் நல்ல பகுதி போயிருக்கிறது. இந்த மூன்றாவது வாரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வாரம் எல்லாமே அதிசயம். பனிப்பாறை, பென்குயின், நடுராத்திரி சூரியன், எடுத்த போட்டோவை வீட்டுக்கு அனுப்பி மாளாது. மூன்றாவது வாரத்தில் அதிசயம் தீர்ந்து வேலை மட்டும் மிஞ்சும், உடம்போ இன்னும் பழகியிருக்காது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் எழுதியதையே கிட்டத்தட்ட அதே வரிசையில் சொல்வார்கள். மெக்கானிக் சொல்லியிருக்கிறார், முனைவர் பட்டம் வாங்கிய பனியியல் ஆராய்ச்சியாளரும் சொல்லியிருக்கிறார்.

அதனால் தூக்கத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம், சிலவற்றைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

நம் விழித்திரையில், உருவம் பார்ப்பதற்காக இல்லாமல் வெளிச்சம் எவ்வளவு என்று அளப்பதற்காகவே சில செல்கள் இருக்கின்றன. அவை மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பலமாக இருக்கும்வரை, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு அடங்கிக் கிடக்கும், ‘இது பகல், விழித்திரு’ என்றுதான் உடம்பு நினைக்கும். தென் துருவத்திலேயே இருக்கும் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் சூரியன் வருஷத்துக்கு ஒரு தடவை, செப்டம்பரில் உதித்து, மார்ச்சில் ஒரு தடவை மறையும், அவ்வளவுதான். உங்கள் கடலோரத்தில் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் கோடையின் நடுவில் சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். போதாததற்குப் புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், ஆக மேலிருந்தும் கீழிருந்தும் கண்ணில் வெயில். நீங்கள் ஐந்தரைக்கு வேலை முடித்து அந்த வெளிச்சத்தில் அறைக்கு நடக்கிறீர்களே, அந்த நடைதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. படுக்கப் போகும் நேரத்தில் உடம்புக்கு விடிந்துவிட்டது என்று நீங்களே சொல்லி அனுப்புகிறீர்கள்.

சமையலறையை விட்டு வெளியே காலை வைப்பதற்கு முன்பே, நிலையத்தில் கொடுத்திருக்கும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கவாட்டையும் மறைக்கிற வகையாக இருந்தால் நல்லது. அறைக்கு வந்து திரையை இழுத்து மூடியபின் பகல் வெளிச்சத்தில் அல்ல, சின்ன விளக்கில் உடை மாற்றுங்கள். திரை போதாது, எந்த நிலையத்திலும் போதாது. ஓரத்தில் ஒரு விரல் இடைவெளியில் நுழையும் வெயில் நேராகத் தலையணையில் விழும். கிடங்கில் காலி அட்டைப்பெட்டி கேட்டு, ஜன்னல் அளவுக்கு வெட்டி, அலுமினியத் தாள் ஒட்டி அழுத்தி வையுங்கள். சமையலறையில் வேலை செய்கிறவருக்கு அலுமினியத் தாளுக்குப் பஞ்சம் இருக்காது, ஆனாலும் தலைமைச் சமையல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கண்மூடித் துணியும் காதடைப்பும் கூடவே வேண்டும்.

காபி விஷயம் நீங்கள் எழுதவில்லை, ஆனால் இரவு ஷிப்ட்காரர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். குடித்த காபியில் இருக்கும் காஃபினில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். நடுராத்திரி ஒரு மணிக்குப் பிறகு வேண்டாம். ஷிப்ட் ஆரம்பத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வெளிச்சத்தில் நில்லுங்கள், அது உங்களுக்குக் காலை. ஓய்வு நாள் வந்தால் எல்லாரோடும் பகலில் சுற்ற வேண்டும் என்று ஆசை வரும், வரட்டும், ஆனால் படுக்கிற நேரத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மாற்றாதீர்கள். ஒரு நாளில் மாற்றிய கடிகாரத்தைத் திருப்பி வைக்க உடம்புக்குப் பல நாள் ஆகும். மெலடோனின் மாத்திரையை யாராவது கையில் திணித்தால் அப்படியே விழுங்காமல் நிலைய மருத்துவரிடம் கேளுங்கள். அதில் அளவை விட எந்த நேரத்தில் போடுகிறோம் என்பது முக்கியம், தப்பான நேரத்தில் போட்டால் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகரும்.

இப்போது ரூம்மேட். அவர் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. பகல் ஷிப்ட் ஆளையும் இரவு ஷிப்ட் ஆளையும் ஒரே அறையில் போட்டதுதான் தப்பு. பல நிலையங்களில் இரவு வேலை செய்கிறவர்களை ஒன்றாகவே தங்க வைப்பார்கள், ‘பகலில் தூங்குகிறார், சத்தம் வேண்டாம்’ என்று கதவில் அட்டையும் தொங்கும். தங்குமிடம் பார்க்கிறவரிடம் போய், இரவு ஷிப்ட் ஆள் இன்னொருவரோடு அறை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்பது புகார் சொல்வது ஆகாது. அது கிடைக்கும்வரை ரூம்மேட்டிடம் ஒரே ஒரு தடவை, சாப்பிட்டு இருவரும் நிதானமாக இருக்கும் நேரமாகப் பார்த்து, குறிப்பாகப் பேசுங்கள்: அலாரம் ஒரு தடவைதான், திரையைத் தொட வேண்டாம், உடை மாற்றத் தலையில் மாட்டும் சின்ன விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், மறுநாளைக்கு வேண்டியதை ராத்திரியே எடுத்து வைத்துவிடலாம். பதிலுக்கு அவர் தூங்கும் நேரத்தில் நீங்கள் என்ன செய்யக்கூடாது என்றும் கேளுங்கள், நிச்சயம் ஏதாவது இருக்கும், அவரும் சொல்லாமல் வைத்திருப்பார். நிலையங்களில் நான் பார்த்த பெரிய சண்டைகளில் ஒன்றுகூட பெரிய விஷயத்தில் ஆரம்பித்ததில்லை. கதவை அறைந்து சாத்துவது, மூக்கை உறிஞ்சுவது, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது, இப்படித்தான் ஆரம்பிக்கும். இரண்டாவது நாள் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியதை இரண்டாவது மாதம் வரை அடக்கி வைத்தால் அது வேறு முகத்தோடு வெளியே வரும்.

விரல் வெடிப்பைச் சின்ன விஷயம் என்று நினைத்து ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அது சின்னதாகப் படவில்லை. அண்டார்டிகா ஒரு பாலைவனம். உள்பகுதியில் வருஷம் முழுவதும் விழும் பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டர் தண்ணீர்கூடத் தேறாது. வெளியே இருக்கும் அந்தக் காய்ந்த குளிர்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது அது இன்னும் காய்ந்து, தோல், மூக்கு, உதடு என்று எங்கெல்லாம் ஈரம் இருக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். அதோடு நீங்கள் சுடுதண்ணீரிலும் சோப்பிலும் மணிக்கணக்காகக் கை வைக்கிறீர்கள். நகத்தை ஒட்டி, கட்டைவிரல் நுனியில், கத்தியால் கீறியது மாதிரி ஒரு கோடு விழும், பட்டன் போடக்கூட முடியாமல் வலிக்கும், அதுதானே? ரப்பர் க்ளவுஸுக்குள் மெல்லிய பருத்திக் க்ளவுஸ் ஒன்று போடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள், ஷிப்டுக்கு நாலைந்து ஜோடியாவது வேண்டியிருக்கும். தண்ணீர் மாதிரி வழியும் லோஷன் இங்கே வேலைக்கு ஆகாது. வாசலின் மாதிரி கெட்டியான களிம்பைப் படுக்கும் முன் தடவி, காய்ந்த பருத்திக் க்ளவுஸ் போட்டுக்கொண்டு தூங்குங்கள். பழைய ஆட்கள் வெடிப்பைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுவார்கள், உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். மருத்துவரிடம் அதற்கென்றே செய்த திசுப் பசை இருக்கலாம், அவரிடமே காட்டுங்கள். சிவந்து, வீங்கி, சீழ் வைத்த விரலோடு உணவைத் தொடவே கூடாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தாலும் அப்படித்தான், வேலைக்குப் போகாமல் சொல்லிவிட வேண்டும். ஒட்டுமொத்த நிலையமும் ஒரே சாப்பாட்டு அறையில் சாப்பிடுகிற இடத்தில், வெட்கப்பட்டு மறைத்த ஒரு வயிற்றுக்கோளாறு நாலு நாளில் எல்லாரையும் படுக்க வைத்துவிடும்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

குளிரைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை, கடலோரக் கோடையில் அது முதல் கவலையாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் சமையலறைக்காரர்களுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. வேர்த்த டி-ஷர்ட்டோடு, ஈரக்கையோடு, ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்று குப்பையை வெளியே கொண்டுபோவது. ஈரக்கையால் உறைந்த இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மூக்கு நுனியிலோ காது மடலிலோ மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு தெரிந்தால், தேய்க்காமல், உள்ளே வந்து வெறும் கையால் பொத்திச் சூடு பண்ணுங்கள், பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் பழைய யோசனையைக் கேட்காதீர்கள். மேகமூட்டமாக இருந்தாலும் கண்ணாடி இல்லாமல் வெளியே நிற்க வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்திருப்பதை அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்து அளவீடுகளை வைத்து 1985-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். அந்த ஓட்டை பெரிதாவது தென்பகுதியின் வசந்தகாலத்தில், அதாவது நீங்கள் வந்து இறங்கிய நேரத்தை ஒட்டித்தான். அந்தக் கதிர்கள் கண்ணைச் சுடுவதால் வரும் பனிக்குருடு வந்தால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும், அதுவும் வெயிலில் நிற்கும்போது தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

சரி, தட்டோடு நிற்கும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அதுதான்.

பல வருஷமாக வருகிறவர்கள் புதியவர்களிடம் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருப்பார்கள். திமிர் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பருவமும் புது முகங்களோடு நெருங்கி, நாலு மாதத்தில் கட்டிப்பிடித்து விடைகொடுத்து, பிறகு பார்க்காமலே போய்ப் பழகியவர்கள் அவர்கள், இந்த ஆள் தாக்குப்பிடிப்பாரா என்று தெரிகிறவரை மனசைத் திறக்க மாட்டார்கள். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் இது தானாக மாறுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். நீங்கள் பத்துப் பேரைச் சம்பாதிக்க வேண்டாம், ஒருவர் போதும். உங்கள் ஷிப்டிலேயே இருப்பவராகப் பாருங்கள்: ஜெனரேட்டர் அறையில் இரவு டியூட்டி பார்ப்பவர், வானிலைக்காரர், ரேடியோ அறையில் இருப்பவர். இரவு ஆட்கள் எண்ணிக்கையில் குறைவு, அவர்களுக்கும் பேச ஆள் கிடைப்பதில்லை. காலி நாற்காலி இருக்கும் மேஜைக்குப் போய் ‘இங்கே உட்காரலாமா?’ என்று கேட்டு உட்கார்ந்துவிடுங்கள், எதிரில் இருப்பவர் முகத்தைப் படித்துப் பார்த்து அப்புறம் முடிவு செய்யலாம் என்று நிற்காதீர்கள். நிற்கும் அந்த அரை நிமிடம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரிகிறது, அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

‘நான் பாத்திரம் கழுவ வந்தவன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. மெக்மர்டோதான் அண்டார்டிகாவிலேயே பெரிய நிலையம், கோடையில் ஆயிரம் பேர் வரை இருப்பார்கள், அதில் பெரும்பாலானவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. சமையல்காரர், பிளம்பர், தச்சர், வண்டி ஓட்டுநர், எலக்ட்ரீஷியன், துப்புரவுப் பணியாளர், இவர்கள்தான் அந்த ஊர். பனிக்குள் கிலோமீட்டர் கணக்கில் துளைபோடுகிற கருவியை ஒருவர் இயக்க வேண்டுமென்றால் அவர் சாப்பிட்டிருக்க வேண்டும், வயிறு கெடாமல் இருக்க வேண்டும், கைகால் சூடாகிற மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்து ஏதாவது குடித்திருக்க வேண்டும். அந்த மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. நடு இரவில் களத்திலிருந்து திரும்பும் குழுவுக்குச் சூடாக எடுத்து வைத்த சாப்பாட்டை, அவர்கள் வருஷங்கள் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் சமையலறையில் குப்பையை எத்தனை தொட்டிகளில் பிரிக்கிறீர்கள்? அலுப்பாக இருக்கும், தெரியும். அண்டார்டிகாவின் சூழலைக் காப்பதற்கான மாட்ரிட் நெறிமுறை 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்தது. பிளாஸ்டிக், உலோகம், எண்ணெய் இவற்றையெல்லாம் கண்டத்தை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டும், கோழிக்கழிவு, விதை, மண் இவற்றில் தனிக் கவனம் வேண்டும், பறவைகளுக்கு மிச்சச் சோறு போடக்கூடாது என்றெல்லாம் அங்கே விதிகளாக எழுதியிருப்பதை நடைமுறையில் செய்கிறவர் தொட்டி முன்னால் நிற்கிற நீங்கள்தான். ஸ்குவா பறவை ஒன்று கதவருகே வந்து உட்கார்ந்து உங்களையே பார்க்கும், போட மனசு வரும், போடாதீர்கள்.

விஞ்ஞானிகள் பேசுவது புரியவில்லை என்றால் கேளுங்கள். ‘நீங்கள் எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், ‘இன்றைக்கு வெளியே போய் என்ன செய்தீர்கள், எது சரியாக வரவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள், தட்டு காயும்வரை பேசுவார்கள். நிறைய நிலையங்களில் வாரம் ஒரு மாலை யாராவது தங்கள் ஆராய்ச்சியை எல்லாருக்கும் புரியும்படி விளக்குவார்கள், அன்றைக்கு அரை மணி நேரம் விடுப்புக் கேட்டாவது போய்விடுங்கள். பெட்டி தூக்க, கொடிக்கம்பம் நட, மாதிரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட ஒரு கை வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டால், தூக்க நேரத்தைத் தின்னாத வரைக்கும் பெயரைக் கொடுங்கள். கூட நின்று வேலை செய்தால் வரும் பழக்கம் உட்கார்ந்து பேசினால் வருவதை விட வேகமாக வரும்.

வீட்டுக்குப் பேசுவதைப் பற்றிச் சொல்வதற்குத்தான் எனக்குத் தயக்கம், ஏனென்றால் தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. தினமும், களைத்துப் போய், ஷிப்ட் முடிந்த கையோடு பேசுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் குரலில் இருப்பது களைப்பு, அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள், பயந்துபோய் ‘சாப்பிட்டாயா, வந்துவிடேன்’ என்பார்கள், அதைக் கேட்டு உங்களுக்கு நிஜமாகவே துக்கம் வரும். உடம்பு அங்கே, மனசு இங்கே என்று இரண்டாகப் பிய்ந்துகொண்டே இருந்தால் எந்த இடமும் பழகாது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் என்று அவர்களிடமே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஷிப்டுக்கு முந்தைய நேரத்தில் பேசுங்கள். நடுவில் நாலு வரி எழுதி அனுப்பலாம். முக்கியமான ஒன்றையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்: வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் உடனே சொல்வதா, நீங்கள் திரும்பும்வரை காத்திருப்பதா என்று. விமானம் கிடைத்து, வானிலை ஒத்துழைத்து நீங்கள் போய்ச்சேர நாட்கள் ஆகும், சில சமயம் முடியாமலே போகும். எனக்கு எல்லாம் உடனே தெரிய வேண்டும் என்பவரும் உண்டு, வேண்டாம் என்பவரும் உண்டு, இரண்டும் சரிதான், ஆனால் தகவல் வருகிற அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்லை இது.

மதுவைப் பற்றி ஒரு வரி. நிலையத்தில் பார் இருந்தால் எல்லாரும் அங்கேதான் பழகுகிறார்கள் என்று தோன்றும், போங்கள், உட்காருங்கள், ஆனால் தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தீர்கள் என்றால் இருக்கிற தூக்கமும் துண்டு துண்டாகிவிடும்.

பாதுகாப்பில் உங்கள் வேலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது தீ. குளிர் கண்டத்தில் நெருப்புக்கா பயப்படுவது என்று நினைக்க வேண்டாம். காற்று காய்ந்தது, பெரும்பாலும் பலமாக அடிக்கும், அணைக்கத் தண்ணீர் குறைவு, கட்டடம் போய்விட்டால் ஒதுங்க வேறு இடம் குறைவு. 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கமாண்டன்ட் ஃபெராஸ் நிலையம் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது, அணைக்கப் போராடிய இரண்டு கடற்படை வீரர்கள் இறந்துபோனார்கள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நகரக்கூடாது, புகைபோக்கி வடிகட்டியில் படியும் பிசுக்கைச் சொன்ன நாளில் சுத்தம் செய்ய வேண்டும். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு இரவு இரண்டு மணிக்குக் கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கிற ஆளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தூங்க முடியவில்லை என்று உங்கள் மேலாளரிடம் சொல்லச் சொல்வது இதனாலும்தான்.

வலியையும் நோயையும் மறைக்காதீர்கள். 1961-ல் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனிட் ரோகோசோவ் என்ற மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார், ஏனென்றால் அங்கே வேறு மருத்துவர் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. இப்போது நிலைமை எவ்வளவோ மேல், அதுவும் கோடையில் விமானம் வரும். ஆனால் ஆரம்பத்தில் மாத்திரையோடு தீர்ந்திருக்க வேண்டியதை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு அப்புறம் சொன்னால், மோசமான வானிலையில் உங்களுக்காகப் பறக்க வேண்டிய விமானியின் உயிரும் அதில் சேர்ந்துவிடுகிறது. மனசு சம்பந்தப்பட்டதற்கும் இதே கணக்குத்தான்.

எப்போது உண்மையிலேயே திரும்புவதைப் பற்றிப் பேச வேண்டும்? ஜன்னலை அடைத்து, அறை மாறி, காபியைக் குறைத்து இரண்டு வாரம் ஆன பிறகும் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால். சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, தனியாகக் குடிக்கிறீர்கள், சின்னதற்கெல்லாம் கைநீட்டத் தோன்றுகிறது என்றால். உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தால்கூட அன்றைக்கே, அந்த ஷிப்டிலேயே, மருத்துவரைத் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்புங்கள். எங்களை எழுப்புவதற்காகத்தான் எங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். திரும்பிப் போவதில் அவமானம் எதுவும் இல்லை. பருவத்தின் நடுவில் போனவர்களில் சிலர் அடுத்த வருஷம் வேறு வேலைக்கு வந்து மிக நன்றாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தடவை தாண்டிவிட்டாலும் ஜனவரி நடுவில் இன்னொரு சரிவு வரலாம். பருவத்தின் பாதி தாண்டிய பிறகு மனசு தொய்ந்துபோகும் என்று 1991-லேயே இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள், அது எல்லாருக்கும் வருமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது, நான் பார்த்தவரை பலருக்கு வரும். ஒரே முகங்கள் அலுக்கும், ஃபிரெஷ் காய்கறி குறையும், கப்பலில் ஏறும் தேதியை எண்ண ஆரம்பிப்பீர்கள். அப்போது யாராவது குளிர்காலத்துக்கும் இருந்துவிடச் சொல்லித் தாளை நீட்டினால், அந்த வாரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள், மறுக்கவும் வேண்டாம், பத்து நாள் கேளுங்கள்.

போவதாகவே முடிவானால் ஒப்பந்தத்தை எடுத்து, நடுவில் விலகினால் பயணச் செலவு யாருடையது என்பதைப் படியுங்கள், நிலையத் தலைவரிடம் சீக்கிரமே சொல்லுங்கள், விமானத்தில் இடத்தை வாரக்கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அந்தப் பேச்சு டிசம்பர் பாதிக்கு முன் வேண்டாம். இன்று ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் தங்குமிடக்காரரைப் பார்த்து அறை மாற்றம் கேளுங்கள், கிடங்கில் அட்டைப்பெட்டி வாங்குங்கள், வேலை முடிந்ததும் விரலை மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நாள் கழித்து எனக்கு எழுதும்போது எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை நாள்வாரியாகக் குறித்து அனுப்புங்கள், மற்றதை அதை வைத்துப் பேசலாம்.